ஆறு மணிக் குழல்

குமரகுருவின் செல்போன் கடையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்ததே தவிரக் காற்று என்று ஒன்றும் வரவில்லை. சாயங்காலம் ஐந்து மணியாகியும் சித்திரை வெயில் புதுச்சத்திரத்து நெடுஞ்சாலையை விட்டு இறங்கவில்லை. லாரி போகிறபோதெல்லாம் கடையின் கண்ணாடி அலமாரி கிடுகிடுத்தது. வசந்தாமணி முந்தானையில் முடிந்திருந்த போனை அவிழ்த்து மேசைமேல் வைத்தாள். மாட்டைக் கறந்த கையோடு வந்திருந்தாள். ஆறரை மணிப் பேருந்தைப் பிடித்தால்தான் பொழுது அடங்கச் சேலத்து ஆஸ்பத்திரிக்குத் திரும்ப முடியும்.

"எங்கூட்டுக்காரரு போனுங்க தம்பி. இதத் தொறந்து குடுக்கோணும்."

குமரகுரு போனைப் புரட்டிப் பார்த்தான். உறையின் ஓரத்தில் மாட்டுத்தவிடு ஒட்டியிருந்தது.

"சென்னிமலை அண்ணன் போனுங்களா? இப்ப எப்படி இருக்கறாருங்க?"

"கண்ணத் தொறந்து பாக்கறாரு. பேச்சு வரலீங்க. வலப்பக்கம் கையுங் காலும் ஓய்ஞ்சு கெடக்குது. நாள் போகட்டும்ங்கறாரு டாக்டரு."

"நெம்பர் லாக்குப் போட்டிருக்கறாரு. நெம்பரு தெரியுங்களா?"

"தெரிஞ்சா நான் எதுக்கு சாமி உங்கிட்ட வாரேன்."

அதுவும் சரிதான் என்பதுபோலக் குமரகுரு தலையாட்டினான். அவளுக்குத் தெரிந்த நம்பரையெல்லாம் போட்டுப் பார்த்தாகிவிட்டது. மகள் பிறந்த வருஷம், காட்டுக் கரண்டுக் கம்பத்து நம்பர், சென்னிமலை இருபது வருஷம் வடக்கே ஆழ்துளைக் கிணறு போட ஓட்டிய போர் வண்டியின் நம்பர். குச்சிக்கிழங்கு லோடு ஏற்றும் டிராக்டர் நம்பரைக்கூட விடவில்லை. எதற்கும் போன் அசைந்து கொடுக்கவில்லை.

"எத்தன வாட்டி போட்டீங்க?"

"நான் நாலு வாட்டிதாங்க. எங்கொழுந்தன் வெசாழக்கெழம ராத்திரி பூராப் போட்டிருக்கறான். காலைல நாந்தான் புடுங்கி வெச்சுக்கிட்டேன்."

குமரகுரு கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தான்.

"காளிதாசண்ணன் நேத்துப் பொழுதோட இங்க வந்தாருங்க. ஒரு போன ஒண்ணுமில்லாம அழிச்சுட்டுத் தொறக்கறதுக்கு எத்தன நேரமாகும்ன்னு கேட்டாரு. போனக் கொண்டாங்கன்னேன். சும்மா கேட்டேன்னுட்டுப் போயிட்டாரு."

வசந்தாமணிக்கு அது சரியாக விளங்கவில்லை. விளங்காததை ஓரமாக வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பதுதான் அவள் பழக்கம்.

"அழிச்சா என்னாகும் சாமி?"

"போனு புதுசாட்டம் ஆயிரும். உள்ள இருக்கற படம், நெம்பரு, ஆரு ஆரு எப்பக் கூப்பிட்டாங்கங்கறது, எல்லாம் போயிரும். உங்களுக்கு உள்ள இருக்கறது வேணுங்களா, போனு மட்டும் போதுங்களா?"

"போன வெச்சு நான் என்ன பண்றது. உள்ள என்ற புள்ள நெம்பரு இருக்குது. அது ஒண்ணு வேணும். அவங்கப்பன் உழுந்து கெடக்கறதே அவளுக்குத் தெரியாது."

"வேற ஆருகிட்டயும் அந்த நெம்பரு இல்லீங்களா?"

"இல்லீங்க."

குமரகுரு அதற்குமேல் கேட்கவில்லை. சென்னிமலையின் மகள் யாரோடு போனாள் என்பது அந்த ரோட்டோரத்து டீக்கடை அடுப்புக்குக்கூடத் தெரியும். அவன் போனின் பக்கவாட்டைத் தடவிக் காட்டினான்.

"அண்ணன் இங்க வெரலு வெச்சுத் தொறப்பாருங்களா?"

"ஆமாங்க. ஏதோ ஒரு வெரல வெச்சுத் தேய்ப்பாரு."

"அப்ப நெம்பர விட்டுருங்க. அவரு வெரல வெச்சாப் போதும். ஆனா கடைசியா நெம்பர் போட்டுத் தொறந்ததுல இருந்து மூணே நாளு. அதுக்கு மேல வெரல வெச்சாலும் நெம்பரத்தான் கேக்கும். அணைஞ்சு எந்திரிச்சாலும் அதே கததான், சார்ஜு எறங்கவே உட்டறாதீங்க. தப்பு வெரல மறுக்கா மறுக்கா வெக்காதீங்க, அப்பறம் ஒண்ணுக்கும் மசியாது."

வியாழன், வெள்ளி, சனி என்று வசந்தாமணி விரல்விட்டாள். கணக்கு எப்படிப் போட்டாலும் நாளைப் பொழுதோடு முடிந்தது.

"ஏன் சாமி, நாம கூப்பிட வேண்டாம். அக்கட்ட இருந்து தானா ஆராச்சும் கூப்பிட்டா?"

"எடுத்துப் பேசலாமுங்க. வர்ற போனுக்குப் பூட்டுக் கெடையாது."

அதைக் கேட்டதும் அவளுக்கு மூன்று நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் ஒன்று நகர்ந்தது. நாளை ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்குத் தனப்பிரியா கூப்பிடுவாள். எட்டு மாதத்தில் ஒரு ஞாயிறு தவறியதில்லை.

குமரகுரு காசு வாங்கிக்கொள்ளவில்லை. நல்ல சார்ஜர் ஒன்றை எடுத்துக் கொடுத்து, "அண்ணன் எந்திரிச்சு வந்து குடுக்கட்டுமுங்க" என்றான்.

தனப்பிரியா அந்த வீட்டுக்கு ஒரே பெண். போன ஆவணியில் சேலத்துக் கல்லூரிக்குப் போனவள் திரும்பி வரவில்லை. சூரமங்கலத்தில் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சவரியாரின் மகன் ஜெனிஷோடு போய்விட்டாள் என்று அன்று ராத்திரிக்குள் தெரிந்துவிட்டது. பையன் வண்டி மெக்கானிக். வேதக்காரக் குடும்பம். உறம்பரை சனம் முழுக்கக் களத்தில் வந்து நின்று ஆளுக்கொரு பேச்சுப் பேசியது. சென்னிமலையும் தம்பி காளிதாசும் கார் எடுத்துக்கொண்டு நான்கு நாள் தேடினார்கள். ஐந்தாம் நாள் வெளுக்கும்போது வந்தார்கள். கிடைக்கவில்லை என்றார்கள். சென்னிமலை தொட்டித் தண்ணீரில் தலையோடு குளித்துவிட்டு ஒரு நாள் முழுக்கத் தூங்கினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் முதல் முறை குழல் ஊதியது. சென்னிமலையின் போனில் யார் கூப்பிட்டாலும் ட்ரிங் ட்ரிங் என்றுதான் அடிக்கும். அன்று புல்லாங்குழல் ஊதியது. அவர் எடுத்துப் பார்த்துவிட்டு வேகமாக எழுந்து கோழிக்கொட்டாய் பக்கம் போனார். கால்மணி நேரம் அங்கே நடந்து நடந்து பேசியதை இவள் வாசலில் இருந்து பார்த்தாள். திரும்பி வந்தவர், "பாப்பாதான். நல்லாருக்கறாளாம். நீ அழுவாத" என்றார்.

எங்கே இருக்கிறார்கள் என்று சொல்லவில்லை. "உனக்குத் தெரிஞ்சா உங்கண்ணனுக்குத் தெரியும். அவனுக்குத் தெரிஞ்சா கார எடுத்துக்கிட்டுப் போவான். எங்கிட்டயே இருக்கட்டும்." அவள் பழைய நம்பர் இல்லை, பையன் நம்பரும் இல்லை, அவளாகக் கூப்பிட்டால்தான் உண்டு. குழல் அவளுக்கென்றே வைத்தது என்றார். ஒரு தடவை குடுங்க, குரலை மட்டும் கேட்டுக்கறேன் என்று வசந்தாமணி பின்னாலேயே ஓடியிருக்கிறாள். "இப்பத்தான் கட் ஆச்சு" என்பார். "நீ அழுதா அவளும் அழுவா, வாயும் வயிறுமா இருக்கறவ" என்று பின்னால் அதற்கும் ஒரு காரணம் வந்தது.

ஆமாம், மார்கழியில் அந்தச் சேதியும் வந்தது. மூன்று மாதம் என்றார். வாந்தி எடுக்கிறாளாம், பருப்புக்குழம்பு ஒன்றுதான் இறங்குகிறதாம், புளிச்ச மாங்காய் கேட்கிறாளாம். பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் ஒன்று பேசுகிற மனுஷன், ஞாயிற்றுக்கிழமை மட்டும் சோற்றுத் தட்டில் கையை வைத்துக்கொண்டு கதை கதையாகச் சொன்னார். சூரமங்கலத்துக்கே நேரில் போய் சவரியார் வீட்டுக் காப்பியைக் குடித்து, "நான் பேசிக்கிட்டுத்தான் இருக்கறேன், போலீசு கீலீசுன்னு போயறாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். ஊர் அவர் முதுகுக்குப் பின்னால் சிரித்தது. வசந்தாமணிக்கோ பெருமை பிடிபடவில்லை. இருபத்து மூன்று வருஷக் குடித்தனத்தில் அவரை இந்த எட்டு மாதம் நேசித்த அளவுக்கு அவள் என்றும் நேசித்ததில்லை.

இப்போது சித்திரை. கணக்குக்கு ஏழாம் மாதம். வியாழக்கிழமை ராசிபுரம் சந்தைக்குப் போன வசந்தாமணி இரண்டு டஜன் கண்ணாடி வளையல், பச்சையும் சிவப்புமாக வாங்கி வந்து, சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் பரப்பிவைத்தாள்.

"வளையல் அடுக்காம எம்புள்ள பெறக்கூடாதுங்க. இந்த ஞாயித்துக்கெழம போன எங்கிட்டக் குடுங்க. இல்லீன்னா எந்த ஊருன்னு சொல்லுங்க, நானே கட்டுச்சோறு கட்டிக்கிட்டுப் போயிக்கறேன். இனி நான் உங்க பேச்சக் கேக்க மாட்டேன்."

சென்னிமலை வளையல்களைப் பார்த்தார். ஒன்றை எடுத்தார். விரலால் அதைச் சுற்றிக்கொண்டே எதையோ சொல்ல வாயைத் திறந்தார். வாய் ஒரு பக்கமாக இழுத்தது. வளையல் உடைந்தது முதலில், அவர் விழுந்தது அப்புறம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆஸ்பத்திரி மாடி வராந்தாவில் வசந்தாமணி சுவரோரப் பிளக்கில் சார்ஜரைச் செருகி, போனை மடியில் வைத்துக் காவல் இருந்தாள். தொண்ணூற்றெட்டு என்று காட்டியது. காளிதாஸ் இரண்டு டம்ளர் டீயோடு வந்தான். ஆள் மூன்று நாளாகச் சவரம் செய்யவில்லை. அண்ணன் மனைவியை அவன் நங்கையா என்றுதான் கூப்பிடுவான்.

"நங்கையா, டீ குடிங்க. போனக் குடுங்க, நானொரு பக்கம் தொறந்துக்கிட்டு வாரேன். நாலு ரோட்டுல தெரிஞ்ச பையன் ஒருத்தன் இருக்கறான்."

"தொறக்க வேண்டாம்."

"மூணு நாளா அதுக்குத்தான அலையறீங்க."

"இன்னிக்குப் பொழுதோட அவளே கூப்பிடுவா. எடுத்துப் பேசிக்கறேன். வர்ற போனுக்குப் பூட்டில்லையாம்."

காளிதாஸ் டீயை உறிஞ்சவில்லை. வராந்தாவுக்கு வெளியே கந்தாஸ்ரமத்து மலைப்பக்கம் கறுத்திருந்த மேகத்தைப் பார்த்தான். இரண்டு நாளாக அந்த மேகம் வருகிறது, இடிக்கிறது, ஒரு சொட்டும் போடாமல் போகிறது.

"ஆரு சொன்னா?"

"கடைக்காரத் தம்பி."

"அவனுக்கென்ன தெரியும். எதுக்குங்க அதக் கட்டிக்கிட்டு அழுவறீங்க. அண்ணன் எந்திரிக்கட்டும். அவரு பேசட்டும். அவரு எந்திரிக்காட்டி..." அவன் நிறுத்திக்கொண்டான். "எல்லாத்தயும் கெளறக் கூடாதுங்க நங்கையா. ஊடு ஊடா இருக்கோணும்."

"நேத்திக்கு மொத நாளு நீ எதுக்குக் கடைக்குப் போயி அழிக்கறதப் பத்திக் கேட்ட?"

"சும்மாதான்."

"சும்மா எதுக்குக் கேக்கோணும்?"

அவன் கை நீண்டு அவள் மடிக்கு ஒரு சாண் தூரத்தில் வந்து நின்றது. கொழுந்தன் அண்ணி மடியில் கைவைக்க முடியாது. அந்த ஒரு வழக்கம்தான் அந்த நேரத்தில் போனைக் காப்பாற்றியது. அவள் சார்ஜரைப் பிடுங்கிப் போனை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். அவன் டம்ளரைச் சன்னல் மேடையில் வைத்துவிட்டு வராந்தாவின் அந்தக் கடைசிக்குப் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றான். பிறகு பகல் முழுக்க அங்கேதான் நின்றான்.

மதியம் பன்னிரண்டு மணிக்கு உள்ளே விட்டார்கள். கயல்விழி என்ற நர்ஸ் பெண், ஆத்தூர்க்காரி, நல்ல குணம். சென்னிமலைக்கு மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி ஏற்றிவிட்டு நகர்ந்து வசந்தாமணிக்கு இடம் கொடுத்தாள். அவர் கண் திறந்திருந்தது. இவளைக் கண்டதும் அந்தக் கண் ஓரத்தில் தண்ணீர் திரண்டு காதுவரைக்கும் ஓடியது. வசந்தாமணி முந்தானையால் துடைத்தாள்.

"அழுவாதீங்க. எல்லாஞ் சரியாப் போயிரும். மாடு ரெண்டும் நல்லாருக்குது. கெழங்குக் காட்டுக்குத் தண்ணி உட்டுட்டு வந்தேன்."

ஆறு மணிக்கு அவளே கூப்பிடுவாள் என்பதில் வசந்தாமணிக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் பெற்ற வயிறு ஆறு மணிவரை பொறுக்கவில்லை. மூன்று நாள் கெடு வேறு முடியப் போகிறது. நம்பரை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் அப்புறம் யார் தயவும் வேண்டாம்.

எந்த விரலாக இருக்கும் என்று ராத்திரி யோசித்ததில் அவளுக்குப் பிடிபட்டிருந்தது. வியாழக்கிழமை ராத்திரியே காளிதாஸ் அண்ணனின் கட்டைவிரலை நான்கு தடவை வைத்துப் பார்த்துத் தோற்றிருந்தான். போர் வண்டியில் குழாய் மாட்டி மாட்டிச் சென்னிமலையின் கையில் ரேகை என்பதே இல்லை. ரேஷன் கடை மிஷின் அவர் கட்டைவிரலை ஒரு நாளும் ஒப்புக்கொள்ளாது. ஒரு முறை பத்து விரலையும் வரிசையாக வைத்துப் பார்த்து, கடைசியில் வலது மோதிர விரலுக்குத்தான் பச்சை விளக்கு எரிந்தது. வரிசையில் நின்ற பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். மாப்பிள்ளைக்கு மோதிர விரல்தான் ராசி என்று ஒருத்தி சொன்னதும் அவரும் சிரித்துவிட்டார்.

வசந்தாமணி போனை வெளியே எடுத்தாள். மூன்று நாளாக நனைந்த துணிபோலக் கிடந்த அந்த வலது கையைத் தன் உள்ளங்கையில் தூக்கினாள். கனமாக, சில்லென்று இருந்தது. மோதிர விரலைப் பிரித்து நீட்டினாள்.

"புள்ளையக் கூப்பிடறதுக்குத்தானுங்க. வேற ஒண்ணும் பாக்க மாட்டேன்."

விரல் போனைத் தொடுவதற்கு நெல்லளவு இருக்கும்போது அது அவள் பிடியிலிருந்து வழுக்கியது. வழுக்கவில்லை, உள்ளே போனது. ஒவ்வொரு விரலாக உள்ளங்கைக்குள் சுருண்டது. நான்கு விரலும் மடங்க, கட்டைவிரல் மேலே வந்து பூட்டுப் போட்டது. அவள் பிரித்துப் பார்த்தாள். மூன்று நாளாகச் செத்துக் கிடந்த கையில் எங்கிருந்து அத்தனை பலம் வந்தது என்று தெரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் கண்ணை இறுக மூடியிருந்தார்.

"அம்மா, கைய மடக்குறாருங்கம்மா," கயல்விழி கட்டிலைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தாள். "நல்ல அறிகுறிங்கம்மா இது. டாக்டர் கேட்டா ரொம்ப சந்தோஷப்படுவாரு. என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலீங்க," என்றாள் வசந்தாமணி.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. வயிற்றுப்பிள்ளைக்காரி பயந்துவிடக் கூடாது என்று நினைக்கிறார் போலிருக்கிறது என்று வராந்தாவுக்கு வந்து தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கட்டுச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தாள். தயிர் புளித்திருந்தது. இரண்டு வாய்க்குமேல் இறங்கவில்லை.

நாலரை மணிக்கு இன்னாசிமேரி வந்தாள். ஜெனிஷின் அம்மா. ஒரு கையில் தூக்குப்போசி, இன்னொரு கையில் துணிப்பை, கழுத்தில் ஜெபமாலை. சூரமங்கலத்திலிருந்து இரண்டு டவுன் பஸ் மாறி வந்திருந்தாள். இதற்குமுன் இரண்டு பேரும் ஒரே ஒரு முறை, அதுவும் சண்டையாகத்தான், பார்த்துக்கொண்டார்கள். இன்று இன்னாசிமேரி வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் வசந்தாமணிக்கு ஏனோ அழுகை வந்துவிட்டது. அந்தம்மாள் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"வியாழக்கெழமையே தெரிஞ்சிருந்தா அன்னிக்கே வந்திருப்போம் சம்பந்திம்மா. நேத்துதான் சொன்னாங்க. எங்க வீட்டுக்காரருக்கு முட்டி வலி, மாடி ஏற முடியாது. கோயில்ல பூசைக்குச் சொல்லியிருக்கோம். கஞ்சி கொண்டுவந்தேன், நீங்க குடிங்க."

"உங்களுக்கு எதுக்குங்க சிரமம்."

"சிரமம் என்ன. ஞாயித்துக்கெழம ஆறரைக்கு டாண்ணு சம்பந்தி எங்க வீட்டுக்காரருக்குப் போன் பண்ணிருவாரு. பாப்பா இப்பத்தான் பேசுச்சுங்க, ஜெனிஷுக்கு வேலை செட் ஆயிருச்சுங்க, அப்படின்னு ஒண்ணு விடாம சொல்வாரு. அந்தப் போனுக்காகவே நான் வாரம் பூரா உக்காந்திருப்பேன். சொந்தத் தாயி எனக்கு அவன் ஒரு தடவ பேசல. சம்பந்திகிட்டத்தான் பேசறான். கோவம்தான் எனக்கு. ஆனாலும் பேசறான்ல."

"அவன் பேசறானுங்களா? எங்கிட்டப் பாப்பா பேசறதாத்தான் சொல்வாரு."

"எங்ககிட்ட ஜெனிஷ் பேசினதாத்தான் சொல்வாரு."

இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். ரெண்டு பேரும் ஒரே போனில்தானே பேசுவார்கள், ஆளுக்குத் தகுந்த மாதிரி சொல்லியிருப்பார் என்று இன்னாசிமேரியே அதற்குச் சமாதானமும் சொன்னாள். பையிலிருந்து ஒரு வெள்ளைச் சட்டையை எடுத்து விரித்தாள். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். ஜெனிஷின் தங்கை ஜெர்லின் தைத்ததாம், கழுத்தில் சின்னப் பூ வேலை.

"சம்பந்தி எழுந்ததும் குடுத்தனுப்பலாம்னு எடுத்துட்டு வந்தேன்."

வசந்தாமணி அதைத் தொட்டுப் பார்த்தாள். தன் கையில் மாட்டுவாசம் அடிக்கிறது என்று உடனே கையை எடுத்துக்கொண்டாள்.

"இன்னிக்குப் பேசலாமுங்க," என்றாள். "வர்ற போன எடுத்துப் பேசலாமாம். உங்க பையன்கிட்ட நீங்களும் பேசுங்க. இன்னிக்கு யாரும் குறுக்க நிக்க முடியாது."

இன்னாசிமேரி ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டாள். கஞ்சியை ஒரே போசியிலிருந்து மாற்றி மாற்றிக் குடித்தார்கள். ஐந்தரைக்கு ஆஸ்பத்திரிக்குள் விளக்குப் போட வேண்டியதாயிற்று, வெளியே அவ்வளவு இருட்டு. காற்று கிளம்பி வராந்தாக் கதவை அடித்தது. தூரத்தில் வெறும் இடி. ஐந்தே முக்கால். ஐந்து ஐம்பத்தைந்து. வசந்தாமணி போனை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள். மதியத்துக்கு மேல் மறுபடி சார்ஜரில் போட்டதில் நூறு என்று காட்டியது.

ஆறு மணிக்குக் குழல் ஊதியது.

கோழிக்கொட்டாயிலும் வாசலிலும் எட்டு மாதமாகக் கேட்ட அதே குழல். இன்னாசிமேரி "ஆண்டவரே" என்று எழுந்து நின்றுவிட்டாள். வராந்தாவின் அந்தக் கடைசியில் காளிதாஸ் நிமிர்ந்தான். வேகமாக வரவேண்டிய ஆள் வரவில்லை. ஒரு நிமிஷம் இந்தப் பக்கமே பார்த்தான். பிறகு திரும்பிப் படியில் இறங்கிப் போனான். செருப்புச் சத்தம் கீழேவரைக்கும் கேட்டது.

"எடுங்க சம்பந்திம்மா. எடுத்துப் பேசுங்க."

வசந்தாமணி திரையைப் பார்த்தாள். பெயர் இல்லை. நம்பர் இல்லை. பச்சை வட்டம், சிவப்பு வட்டம் எதுவும் இல்லை. நடுவில் ஒரு கடிகாரப் படம் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருந்தது. அவளுடைய பட்டன் போனிலும் அந்தப் படம் உண்டு. பால் கறக்க எழுப்புவதற்கு விடியற்காலை நாலரைக்கு அவள் வைத்திருக்கும் அலாரத்துக்கு அதே படம்தான் ஆடும். கீழே தமிழில், அவருக்கு இங்கிலீசு தெரியாது என்பதால் தமிழில், ஞாயிறு மாலை ஆறு மணி, அலாரம் என்று எழுதியிருந்தது.

அவள் எழுத்துக்கூட்டி இரண்டு தரம் படித்தாள். விரல் பக்கத்துப் பொத்தானில் பட்டது. குழல் நின்றது. பத்து நிமிடங்களில் மீண்டும் ஒலிக்கும் என்று ஒரு வரி வந்து போனது.

"கட் ஆயிருச்சுங்களா?"

"ஆமாங்க."

"பரவால்ல, திரும்பக் கூப்பிடுவாங்க. உக்காருங்க."

"திரும்ப அடிக்குமுங்க," என்றாள் வசந்தாமணி.

அந்தப் பத்து நிமிஷம் இன்னாசிமேரி பேசிக்கொண்டே இருந்தாள். பையனாகப் பிறந்தால் சம்பந்தி பெயரை நடுவில் சேர்க்கலாம், பெண்ணாகப் பிறந்தால் சம்பந்திம்மா இஷ்டம், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்றாள். வசந்தாமணிக்கு அது எங்கேயோ கேட்டது. எண்ண வேண்டாம், எண்ண வேண்டாம் என்று மனம் கெஞ்சக் கெஞ்ச அவள் பின்னோக்கி எண்ணினாள். வாந்தி. பருப்புக்குழம்பு. மாங்காய். இல்லாத பிள்ளைக்கு அவர் ஏழு மாதம் கணக்கு வைத்திருக்கிறார். பங்குனி, மாசி, தை, மார்கழி, கார்த்திகை, ஐப்பசி, புரட்டாசி. முதல் குழல் ஆவணி கடைசி ஞாயிறு. அதற்கு முந்தின செவ்வாய்தான் அண்ணனும் தம்பியும் வெளுக்கும்போது காரில் வந்தது. புதனும் வியாழனும் காளிதாஸ் ஜேசிபி கொண்டுவந்து மேற்கே இருந்த பழைய கிணற்றை மூடினான். தண்ணி இல்லாத கிணறு, கன்னுக்குட்டி உழுந்துரும் என்றார்கள். வெகு நாளாக மூட வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்த கிணறுதான் அது. மண் இறுகட்டும் என்று அதன்மேல் குச்சிக்கிழங்கு போட்டிருந்தார்கள். நேற்றுக் காலையில் அவள் தண்ணீர் விட்டுவந்தது அந்தக் காட்டுக்குத்தான்.

அப்படி இருக்காது. பிள்ளை போன இடம் தெரியாமல், தான் சோறு தண்ணி இல்லாமல் கிடந்ததைப் பார்க்கச் சகிக்காமல், அந்த மனுஷன் ஒரு பொய்யைச் சொல்லி அது வளர்ந்துவிட்டிருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். அப்படியென்றால் அந்தக் கை ஏன் மடங்கியது என்று அவளுக்குள் யாரோ கேட்டார்கள். பொய் வெளியே வந்துவிடுமே என்றுதான். அப்படியென்றால் காளிதாஸ் ஏன் படியிறங்கிப் போனான். மாரியம்மா, அந்தப் பொய் வெறும் பொய்யாகவே இருக்கட்டும் என்று மட்டும் வேண்டினாள்.

வெளியே மழை விழுந்தது. நான்கு சொட்டு விழுந்து தரைச் சூட்டில் காய்ந்து மண்வாசம் மேலே வந்தது. மறுபடியும் குழல் ஊதியது, எடுக்காதவரை விடமாட்டேன் என்று யாரோ திரும்பக் கூப்பிடுவதுபோலவே.

வசந்தாமணி நிறுத்து என்ற எழுத்தைத் தொட்டாள். போனைக் காதில் வைத்தாள். ஏன் வைத்தாள் என்று அவளுக்கே தெரியாது. பக்கத்தில் ஒருத்தி வெள்ளைச் சட்டையைப் பிடித்துக்கொண்டு முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், அதனால்தான் இருக்க வேண்டும்.

"சொல்லு சாமி," என்றாள். "நல்லாருக்கறயா கண்ணு."

காதுக்குள் ஒன்றுமே இல்லை. இரைச்சல்கூட இல்லை. இந்த ஒன்றுமில்லாததற்குத்தான் அவர் வாராவாரம் கோழிக்கொட்டாய் ஓரமாக ஊங்கொட்டிக்கொண்டு நடந்திருக்கிறார்.

இன்னாசிமேரி கையை நீட்டினாள். "ஒரு நிமிஷம் எங்கிட்டக் குடுங்க சம்பந்திம்மா. எட்டு மாசமாச்சு. அவன் அம்மான்னு ஒரு தடவ சொல்லட்டும், போதும்."

இப்பத்தான் கட் ஆச்சு என்று சொல்லலாம். அந்த வார்த்தை வசந்தாமணியின் நாக்கில் தயாராக இருந்தது. எட்டு மாதம் கேட்டுக் கேட்டு அதைச் சொல்லும் விதம்கூட அவளுக்குப் படிந்திருந்தது. அவள் அந்தம்மாளின் கையைப் பார்த்தாள். அதுவும் வேலை செய்து தேய்ந்த கைதான். போனைக் காதிலிருந்து எடுத்து அந்தக் கையில் வைத்தாள்.

இன்னாசிமேரி அதைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டு, "ஜெனிஷு, அம்மாடா," என்றாள்.